அரைச் சுளைக்கு ஒரு மரம்

எங்கள் வீட்டுப் பின்புறம் ஓர் ஆரஞ்சு மரம் நிற்கிறது. அதில் எலுமிச்சை காய்க்கிறது.

புதிதாக வருகிறவர்கள் "இது என்ன மரம் சார்?" என்று கேட்டால் "ஆரஞ்சு" என்றுதான் சொல்வேன். அவர்கள் மரத்தைப் பார்ப்பார்கள், அதன் நீள நீள முட்களைப் பார்ப்பார்கள், சொரசொரவென்று தொங்கும் மஞ்சள் காய்களைப் பார்ப்பார்கள், கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். கோளாறு மரத்தில் இல்லை என்று முடிவு செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். சரியான முடிவுதான். அந்த மரத்தை அப்படி ஆக்கியது நான்.

குரோம்பேட்டையில் எனக்கு ஒரு கடை உண்டு. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை. மிக்சி, ஃபேன், தண்ணீர் மோட்டார், எது புகைந்தாலும் என்னிடம் வரும். வீடு அஸ்தினாபுரத்தில், அத்தா கட்டிவிட்டுப் போனது. அதில் நானும் அக்காவும். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணமான நாலாம் வருடமே மச்சான் மவுத்தாகிவிட, பிள்ளை குட்டி இல்லாமல் அத்தா வீட்டுக்கே திரும்பி வந்து, பின்பக்க ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தவள். அந்தத் தெருவில் அவள் தைக்காத ரவிக்கை கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் நான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவர்களும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் அக்காவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுகிறவள் அவள். ஞாபகப்படுத்த வேண்டிய நான், ஞாபகம் வந்தால் ஞாபகப்படுத்துகிறவன். இரண்டு பேருமாகச் சேர்ந்து இரண்டு கிட்னியையும் முடித்துவிட்டிருந்தோம். திங்களும் வியாழனும் டயாலிசிஸ் என்று ஆனது. காலையில் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் விட்டால் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிலில் கிடப்பாள். திரும்பி வரும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டே வருவாள். பேசமாட்டாள். அந்த இரண்டு நாள் மட்டும்தான் அவள் என்னைத் திட்டாத நாட்கள். அதனாலேயே எனக்கு அந்த நாட்களைப் பிடிக்காது.

ஊசி போட வசதியாக, அவள் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் 'கிர்ர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் ஆபத்து, தினம் தொட்டுப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே? காலையில் பல் தேய்த்ததும் அவள் கையை நீட்டுவாள். நான் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பேன்.

"மோட்டார் ஓடுது. பேரிங்தான் கொஞ்சம் சத்தம்."

"உன் மண்டையிலதான்டா சத்தம்," என்று கையை இழுத்துக்கொள்வாள். இப்படித்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

மெஷினைவிடப் பெரிய பேஜார் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் உணவு சொல்கிற அம்மா ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் முக்கால்வாசி, எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்பதுதான். உப்பு கூடாது. இளநீர் கூடாது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், தக்காளி, எதுவும் கூடாது. காயை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும். தண்ணீர்கூட ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான். பொட்டாசியம் ஏறினால் இதயம் அப்படியே நின்றுவிடும் என்றார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் மட்டும் தலை நின்றது.

"ஆரஞ்சுமா?"

"ஆரஞ்சு கூடவே கூடாதும்மா."

அக்காவுக்கும் கமலா ஆரஞ்சுக்கும் உள்ள உறவு அந்த அம்மாவுக்குத் தெரியாது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு வலைப்பை வாங்கி ரயில் ஏறுவாள். சானடோரியம் வருவதற்குள் இரண்டு, குரோம்பேட்டை வருவதற்குள் நாலு. இறங்கும்போது தோல் மட்டும் என் சட்டைப் பையில் இருக்கும். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி பேரம் பேசினாள். கடைசியில் அந்த அம்மா மனம் இரங்கி, பெருநாளைக்குப் பெருநாள் ஒரு சுளை, அதுவும் முந்தின நாள் டயாலிசிஸ் ஆகியிருந்தால் மட்டும், என்று விட்டுக்கொடுத்தார்கள்.

அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரி நான். பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் ஒரு பழத்தை உரித்து வைத்துக்கொண்டு எதிரே உட்காருவேன்.

"எத்தனை?" என்பாள்.

"அரை."

"அந்தம்மா ஒண்ணுன்னு சொன்னாங்க. மூணு குடு."

"ஒண்ணுன்னா மூணு எப்படி ஆகும்? கணக்கு வாத்தியார் உன்னை எதுக்கு அடிச்சாருன்னு இப்பதான் புரியுது."

"ரெண்டு."

"அரை. அதுவும் விதையோட."

கால் மணி நேரம் இழுப்போம். ஒன்றில் வந்து நிற்கும். அவள் அந்த ஒரு சுளையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, சாறு தீர்ந்து சக்கையாகி, சக்கையும் கரைகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். மீதிப் பழத்தை நான் அவள் முன்னாலேயே சாப்பிட்டு முடிப்பேன். கொடுமைக்காரன் என்று தோன்றலாம். ஆனால் ஒளித்துச் சாப்பிட்டால்தான் அவளுக்குக் கோபம் வரும். நோயாளி மாதிரி நடத்துகிறாயா என்பாள்.

தப்பிக்க ஒரே வழி கிட்னி மாற்றுவது. மாற்றிவிட்டால் ஆரஞ்சு சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் உடனே சட்டையைக் கழற்றாத குறையாகப் போய் நின்றேன். "என்கிட்ட ரெண்டு இருக்கு டாக்டர். ஒண்ணை இதுவரைக்கும் யூஸ் பண்ணதே இல்ல." அவர் சிரித்துவிட்டுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வந்த அன்று சிரிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை. அதுவும் பல வருஷமாக இருந்திருக்க வேண்டுமாம். என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறது. "உங்க கிட்னியை நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க," என்றார் டாக்டர். கொடுக்கப் போனவன் கை நிறைய மாத்திரையோடு திரும்பி வந்தேன். அக்கா அன்று சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. எனக்காக அழுகிறாளா தனக்காக அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

வேறு யாருடையதாவது கிடைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் பட்டியலில் பேரை எழுதிவிட்டு வந்தோம். இரண்டு வருஷம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்றார்கள்.

அப்போதுதான் ஊரப்பாக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வலிமா விருந்து. ஊரே பிரியாணி சாப்பிட்டது. அக்கா அதன் வாசனையை மட்டும் பிடித்துவிட்டு, டப்பாவில் கொண்டுபோன உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டாள். திரும்பி வருகிற வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு நர்சரியைக் கடக்கும்போது என் தோளைத் தட்டினாள். "நிறுத்துடா."

நேராக உள்ளே போய், "ஆரஞ்சுக் கன்னு இருக்கா?" என்றாள்.

நர்சரிக்காரர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "கீதுக்கா. கமலா கீது. ஒட்டுக் கன்னு."

"நம்ம வெயிலுக்கு வருமா?"

"வெயிலு நமக்குத்தான்க்கா பேஜாரு. செடிக்கு இன்னா? மூணே வருசம், காய்ச்சித் தள்ளிடும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷம். அதுக்குள்ள எனக்குக் கிட்னி வந்துடும். எது முந்துதுன்னு பார்க்கலாம். மரம் காய்க்கற அன்னிக்கு நான் முழுப் பழம் சாப்பிடுவேன். நீ வாயைப் பார்த்துட்டு உட்காரு. உனக்குத்தான் சர்க்கரையாச்சே."

நர்சரிக்காரர் கன்றைத் தூக்கிக் காட்டி, அடித்தண்டில் இருந்த ஒரு முடிச்சைத் தொட்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. "ஏங்க, காய்க்கலேன்னா கன்னை உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நட்டுடுவேன்" என்று ஒரு ஜோக் அடித்து, அதற்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் அக்கா அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், வழியெல்லாம் "பள்ளம்டா, மெதுவா போ" என்று திட்டு. அவளுக்காக நான் அவ்வளவு மெதுவாக என்றைக்கும் ஓட்டியதில்லை.

தையல் மெஷினிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் குழி தோண்டினேன். அக்கா இடது கையால் எதையும் தூக்கக்கூடாது. வலது கையால் மண்ணைத் தள்ளினாள். அன்றிலிருந்து அவளுக்குக் காய் வேகவைத்து வடித்த தண்ணீரை ஆறவைத்து அந்தச் செடிக்கு ஊற்றினோம். அவளுக்கு விஷம், செடிக்கு உரம்.

"என் பங்கு பொட்டாசியம் எல்லாம் அதுக்குத்தான்டா போகுது," என்பாள். "கடைசில மொத்தமா திரும்ப வாங்கிக்குவேன்."

முதல் வருடம் செடி ஒரு சாண்கூட உயரவில்லை. நாலு இலை விடும், மூன்று இலை உதிரும். மழைக்காலத்தில் மேலே இருந்த தண்டு கறுத்துச் சுருங்கிவிட்டது. ஆனால் அடியில், மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒரு தளிர் புறப்பட்டது. அடேயப்பா, என்ன வேகம்! ஒரே மாதத்தில் மேல்தண்டைத் தாண்டிவிட்டது. பச்சைப் பசேலென்று இலை, கட்டைவிரல் நீளத்துக்கு முள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வியாழக்கிழமை அக்காவை டயாலிசிஸில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், கடையில் கம்பி நறுக்கும் கட்டிங் பிளேயரால் அந்தக் கறுத்த மேல்தண்டை நறுக்கி எறிந்தேன். மோட்டாரில் கருகின காயிலை உருவி எறிந்துவிட்டுப் புதுசு கட்டுவதில்லையா? அதே தொழில்நுட்பம்.

சாயங்காலம் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செடியண்டை போனாள். ஓர் இலையைக் கிள்ளினாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"எதைடா வெட்டினே?"

"காஞ்சுபோனது ஒண்ணு சத்தை இழுத்துகிட்டு இருந்துச்சு. அதை எடுத்துட்டேன். இனிமே பாரு."

"ம்," என்றாள். களைப்பு என்று நினைத்தேன். உள்ளே வந்து படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செடி மரமாகிவிட்டது. என் உயரம், என்னைத் தாண்டிய உயரம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். ஸ்டார்ட்டர் ரிப்பேருக்கு வந்த ஒருவருக்கு அரை மணி நேரம் ஆரஞ்சு வளர்ப்பு பற்றி வகுப்பெடுத்தேன். பாவம், அவர் வீட்டில் தண்ணீர் ஏறாமல் காத்திருந்தார்கள். மூன்றாம் வருடம் வெள்ளை வெள்ளையாகப் பூ விட்டது. அக்கா நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாசனைக்குப் பொட்டாசியம் கிடையாது.

பிறகு பட்டாணி அளவு பிஞ்சு. இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டுவரலாம் என ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போனேன். நர்சரிக்காரர் அதை வாங்கி, இலையைக் கசக்கி முகர்ந்தார்.

"இது ஆரஞ்சு இல்ல சார்."

"உங்ககிட்டதான் வாங்கினேன்."

"வாங்கினது ஆரஞ்சுதான். ஆரஞ்சுக் கொம்பைக் காட்டு எலுமிச்சை வேரு மேல ஒட்டு கட்டிக் குடுப்போம். இது அந்த வேர்லேர்ந்து வந்தது. ஒட்டுக்குக் கீழ தளிர் வந்தா கிள்ளிப் போட்டுடணும் சார், வுட்டா மேல இருக்கறதைச் சாவடிச்சுடும். யாரு வாங்கினாலும் அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டி, சொல்லித்தான் குடுக்கறேன்."

சொல்லித்தான் கொடுத்தார். ஜோக் அடித்துக்கொண்டிருந்தது நான்தான். எதிரியை ஊட்டி வளர்த்து, கொஞ்சம் உயிர் மிச்சமிருந்த ஆரஞ்சை என் கையாலேயே நறுக்கி எறிந்தவனும் நான்தான்.

"வேற கன்னு தரவா சார்? மூணு வருசத்துல..."

வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்த மூன்று வருஷத்தை எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் எப்படி நீட்டுவது? பட்டியலில் இருந்து ஒரு தடவைகூட எங்களைக் கூப்பிட்டிருக்கவில்லை. மரம் மட்டும்தான் சொன்ன சொல்படி வளர்ந்துகொண்டிருந்தது. "என்னடா சொன்னாரு?" என்று கேட்டாள். "பொறுமையா இருக்கச் சொன்னாரு. காய் முத்தணுமாம்," என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

ஒரு காலையில் விரலை வைத்தேன். ஒன்றும் ஓடவில்லை. இடத்தை மாற்றி வைத்தேன், காதை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. ஃபியூஸ் போயிடுச்சு என்றோ, கரண்ட் கட் என்றோ சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன். அவள் செருப்பை மாட்டினாள்.

கையில் இன்னோர் இடத்தில் தைத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி வந்து, குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. எடுத்துவிட்டு மறுபக்கம் போட்டார்கள். மெஷினில் படுக்கவைத்தால் ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கி மயக்கமானாள். அந்தத் தை மாதத்தில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு சனிக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இனிமே மெஷின்ல போட்டா, மெஷின்லயே போயிடுவாங்க. ஹார்ட் தாங்கல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு வாரம், பத்து நாள். கேட்டதைக் குடுங்க."

"ஆரஞ்சு குடுக்கலாமா டாக்டர்?" என்றேன். அவ்வளவு நேரம் கேட்டுவிட்டு அதைத்தான் கேட்டேன்.

"எது வேணும்னாலும் குடுங்க."

இந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். அதை யாராவது சொல்கிற நாளில் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று நினைத்திருந்தோம்.

"என்ன சொன்னாரு?" என்று சக்கர நாற்காலியில் இருந்து கேட்டாள்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. உன் தொல்லை தாங்கலியாம்."

அவளை வீட்டில் விட்டுவிட்டு தாம்பரம் போனேன். கமலா ஆரஞ்சு சீசன். ஸ்டேஷன் வாசலில் மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். நல்லதாகப் பொறுக்கி ஒரு வலைப்பை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் புரிந்தது, இதை எப்படி அவளிடம் கொடுப்பது? பெருநாளும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா ஒரு நாள் ஆரஞ்சை உரித்து நீட்டினால், டாக்டர் என்ன சொன்னார் என்று நானே சொன்ன மாதிரி. அவள் முட்டாள் இல்லை. அந்த வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது.

பையை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு யோசித்தேன். மறுநாள் ஞாயிறு மதியம், என் ஆயுளிலேயே மிகச் சிறந்த யோசனை என்று நான் நினைத்த ஒன்று வந்தது. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தோம். அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். நான் சத்தமில்லாமல் ஸ்டூலைப் பின்னால் தூக்கிக்கொண்டு போய், காயில் கட்டும் செப்புக் கம்பியால் நாலு ஆரஞ்சைக் கிளைகளில் கட்டினேன். நம் மரத்துப் பழம், ஆசைக்கு ஒன்று சாப்பிடு என்று கொடுத்துவிடலாம். டாக்டர் பேச்சே வராது. முள் கையைக் கீறி ரத்தமாக்கியது. பார்க்க அழகாகவே இருந்தது. நாலே பழத்தில் அது ஆரஞ்சு மரமாகிவிட்டது.

"அக்கா, எந்திரி. அதிசயத்தைப் பாரு."

கண்ணைத் திறந்தாள். "என்னடா?"

"நம்ம மரம் பழுத்துடுச்சு."

"காலைல பார்த்தேனே?"

"இலைக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு இருந்திருக்கு."

எட்டிப் பார்த்தாள். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "ஆமாண்டா. நாலு. போய்ப் பறிச்சிட்டு வா."

கம்பியை முறுக்கி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கையில் வாங்கி மூக்கோடு ஒட்டவைத்து முகர்ந்தாள். உரிக்க அவள் விரலில் பலமில்லை. நான் உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளைகளைத் தட்டில் வட்டமாக வைத்தேன்.

"எத்தனை?" என்றாள்.

அரை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூணு என்று அவள் சொல்லியிருப்பாள். விதையோடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூல், கம்பி, இலைக்குப் பின்னால் ஒளிந்த பழம், எல்லாவற்றையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

"எத்தனை வேணும்னாலும் சாப்பிடு அக்கா. எல்லாம் உனக்குத்தான்."

சுளையை எடுக்க நீண்ட கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். பின்பக்கத் தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த மரத்துல எலுமிச்சைதான்டா காய்க்கும்," என்றாள்.

நான் தட்டில் இருந்த சுளைகளை மறுபடி வட்டமாக அடுக்கினேன்.

"நீ வெட்டிப் போட்டியே, அன்னிக்கே இலையைக் கசக்கிப் பார்த்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீதான் அவ்வளவு ஆசையா ஊத்திட்டு இருந்தியே." மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப ஸ்டூல்ல ஏறினதையும் பார்த்துட்டுத்தான் படுத்திருந்தேன். ஒரு கால் ஆடுது. விழுந்து கையை ஒடச்சிக்கப் போறியேன்னு இருந்துச்சு. சும்மா என்னைச் சிரிக்க வைக்கத்தான் நீ கட்டறேன்னு நெனச்சேன். அரைச் சுளையைக் குடுத்துட்டு மீதியை நீயே பிடுங்கித் தின்னுடுவேன்னு நெனச்சேன்."

தட்டைப் பார்த்தாள்.

"பிடுங்கலியேடா."

எனக்குத் தெரிந்த ஜோக்குகள் ஆயிரம் இருக்கும். அவளைப் பார்க்க முடியாமல், என் கையில் கீறியிருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளாம்?"

சொன்னேன். அவளிடம் நான் ஒரு விஷயத்தை வேடிக்கை சேர்க்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். டாக்டர் சொன்னது பத்து நாள். அவளுக்கு இருந்தது ஆறு.

அவள் அழவில்லை. "அப்ப நாளைக்குத் திங்கக்கிழமை போக வேணாம்ல?" என்று கேட்டாள்.

"வேணாம்."

"ஊசி?"

"எதுவும் இல்ல."

"அப்பாடா," என்றாள். உடம்பு முழுவதும் ஒரு தளர்ச்சி வந்து, தலையணையில் சரியாகச் சாய்ந்துகொண்டாள். மூன்று வருஷமாக அவள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது, விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சுளையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றாள். இன்னொன்றைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. போதும்." தட்டைத் தள்ளினாள். "டேய், எது வேணும்னாலும்தானே?"

"ஆமா. என்ன வேணும்? பிரியாணி வாங்கிட்டு வரட்டா?"

"தண்ணி குடு. பானைத் தண்ணி. பெரிய சொம்புல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆரஞ்சைப் பற்றி மூன்று வருஷமாகப் பேசாத நாள் இல்லை அவள். தண்ணீரைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை. ஆரஞ்சு, பேசிச் சிரிக்க முடிந்த ஆசை. நான் அதற்கு ஒரு மரமே நட்டேன்.

சொம்பு நிறைய மொண்டுவந்தேன். பிஸ்மில்லா சொல்லி இரண்டு கையாலும் வாங்கினாள். தண்ணீரை மூன்று மடக்காக நிறுத்திக் குடிக்க வேண்டும் என்று சின்ன வயதில் என் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள், நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவதையும் கழுத்து பிளாஸ்திரி நனைவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இடையில் மூச்சு முட்டியது. சொம்பை வாங்கப் போனேன், தரவில்லை. குடித்து முடித்து, ஆ என்று வாயைத் திறந்து காற்றை விட்டு, சொம்பை நீட்டினாள்.

"இன்னொண்ணு."

அடுக்களைக்குப் போனேன். பானையைத் திறந்தேன். சொம்பை உள்ளே விட்டேன், அப்புறம் கையை வெளியே எடுக்க முடியவில்லை. தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வேண்டுமே என்று நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"என்னடா," என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது, "கிணறு வெட்டிட்டு இருக்கியா?"

"தோ, தண்ணி ஊறிடுச்சு," என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் போனேன்.